லாங்கன்தாலில் ஒரு வெருளி

1

பூசணிக்காய் வாங்கியாயிற்று. இன்னும் வெட்டவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் தெருவோரத்தில் குவித்து வைத்திருப்பார். விற்க ஆள் நிற்காது. நாமே ஒன்றைத் தூக்கிக்கொண்டு, உண்டியலில் காசைப் போட்டுவிட்டு வரவேண்டும். கறிக்கு உதவாத சாதிப் பூசணி. கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி, வாசலில் வைக்கத்தான் சரி. போன கிழமையிலிருந்து அது எங்கள் குசினி மேசையில் குந்திக்கொண்டிருக்கிறது. என் மகள் ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

"அம்மா, எப்ப வெட்டுவம்?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்கு எண்டுதானே சொன்னனீங்கள். அப்பாவே எல்லாரையும் வரச்சொல்லிப்போட்டார். பிறகு உங்களுக்கு என்ன?"

எனக்குப் பயம். அதுதான் என்ன.

ஸ்காபரோவில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். பயப்படுத்தவென்றே உண்டான ஒரு நாளுக்கு, நாற்பது வயதுக்காரி ஒருத்தி உண்மையாகவே பயப்படுகிறாளாம். உங்கள் மாடிவீட்டு வாசல்களில் இப்போது சிலந்தி வலையும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் தொங்கும். எலும்புக்கூட்டுக்குப் பக்கத்திலேயே மாவிலையும் தொங்கும். நானும் அங்கே வளர்ந்தவள்தான். ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோவில் இறங்கினேன். 2009இல் கலியாணம் கட்டி சுவிஸுக்கு வந்தேன். அந்த வருடம் போரை நிறுத்தச் சொல்லி நீங்கள் அங்கே தெருவில் நின்றீர்கள், இங்கே இவர், என் புருஷன், தெருவில் நின்றார். மேளம் பிடிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

இதில் வரும் பெயர்கள் ஒன்றும் உண்மையில்லை. எழுதி முடித்ததை இவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "பேரை மாத்திப்போட்டு அனுப்பும். ஆரும் ஒராள் வாசிச்சால் நல்லது" என்றார். அந்த 'ஆரும் ஒராள்' யார் என்பது போகப் போகத் தெரியும்.

2

வந்த புதிதில் விசா அலுவலாக லாங்கன்தால் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலைசெய்த அம்மா என் கனடாக் கடவுச்சீட்டைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி புரட்டினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற வரி வந்ததும் "ஆ!" என்றார், கணக்குச் சரிவந்த முகத்தோடு. அதன்பிறகு அவர் கனடாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வெளியே வந்தால் எங்கள் சனம் என்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவர்களுக்கு நான் 'கனடாப் பிள்ளை'. நான் கதைக்கும் தமிழில் ஆங்கிலம் கூடவாம், சீலை கட்டினால் நடை சரியில்லையாம். ஆக, சுவிஸ்காரருக்கு நான் இலங்கை, இலங்கைக்காரருக்கு நான் கனடா. ஜெர்மன் வகுப்பில் படித்ததை வெளியில் கதைத்தால் பதில் வேறொரு மொழியில் வரும். சுவிஸ் ஜெர்மன் என்று ஒன்று இருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. குடும்ப வைத்தியரை இரண்டு வருடம் 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறேன். பாவம், மனுஷன் பொறுத்துக்கொண்டார்.

லின்டாவைக் கண்டுபிடித்தது ஒரு கடையில். ஒருவர் தள்ளுவண்டியால் அவளுடைய காலை இடித்துவிட்டார். இடித்தவர் பேசாமல் போக, இடிபட்டவள் "சொரி" என்றாள். இடிபட்டும் மன்னிப்புக் கேட்பது கனடாக்காரர்தான். நான் ஓடிப்போய், "நீங்கள் கனடாவா?" என்று கேட்டேன். நோவா ஸ்கோஷியாவாம். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி சோலோதுர்னில் இருக்கிறாள். இரண்டு பேரும் பால் அலுமாரிக்கு முன்னால் நின்று குளிரக் குளிரக் கதைத்தோம். நான் எங்கே பிறந்தேன் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

அவள் மூலமாக இன்னும் சில குடும்பங்கள். கியூபெக்காரர் ஒருவர், வன்கூவரில் இருந்து வந்த சீனப் பெண் ஒருத்தி, இப்படி. யூலை முதலாம் திகதி ஆரே ஆற்றங்கரையில் சிவப்பு உடுப்போடு கூடி இறைச்சி சுடுவோம். ஒக்டோபரில் நன்றி நாள். கனடாவில் அது திங்கட்கிழமை. இங்கே திங்களில் எல்லாருக்கும் வேலை, அதனால் சனிக்கு மாற்றிவிட்டோம். முதல் வருடம் முழு வான்கோழி ஒன்றுக்குச் சொல்லிவைத்து எடுத்தோம். அது சுவிஸ் அடுப்புக்குள் போகவில்லை. லின்டாவின் புருஷன் பட்டறையிலிருந்து வாள் கொண்டுவந்து குறுக்காக அறுத்தார். அதிலிருந்து எங்கள் நன்றி நாளுக்கு அரை வான்கோழிதான் வழக்கம். முழுதாக வைத்தால் பிள்ளைகள் ஏதோ குறைகிறது என்பார்கள்.

அந்த மேசையில் நான் கனடாக்காரி. அவ்வளவுதான். அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று, போன வருடம் அது போய்விடுமோ என்று வந்தபோதுதான் தெரிந்தது.

3

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மவர்கள் ரவி அண்ணை என்பார்கள். இருபது வயதாக முன்னமே அகதியாக இங்கே வந்தவர். தொழிற்சாலையில் முறைமாற்றி வேலை. அதிகம் கதைக்கமாட்டார். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கூட்டத்துக்கு வந்தால் கியூபெக்காரருக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு பேரும் ஒரு மொழியிலும் கதைக்காமல், இறைச்சியைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். நல்ல சிநேகிதம்.

இவருக்கு ஒரு பழக்கம். யாராவது இருந்தபடி தூங்கி விழுந்தால் தாங்கமாட்டார். காரில் நான் கண்ணயர்ந்தால் தோளில் தட்டி, "வாணி, தலையை நிமித்தும்" என்பார். ஆரணி குழந்தையாக இருந்தபோது, பின் இருக்கையில் அவளுடைய தலை சரிந்தால் காரை ஓரங்கட்டி நிறுத்தி, துவாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் அண்டை கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார். பிள்ளையில் அவ்வளவு பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஒருமுறை ரயிலில் எதிரே இருந்த சுவிஸ் ராணுவப் பயிற்சிப் பெடியன் ஒருவன் தூங்கித் தூங்கி விழுந்தான். இவர் எட்டி அவனுடைய முழங்காலில் தட்டிவிட்டார். பெடியன் தன் ஸ்டேஷன் வந்துவிட்டதென்று பையையும் தூக்கிக்கொண்டு, ஏதோ ஒரு பனிமூட்ட ஊரில் இறங்கி ஓடிவிட்டான். நான் வீடு வரும்வரை சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

தானும் தூங்கமாட்டார். இரவு வேலை முடித்து ரயிலில் வரும்போதும் நாடிக்குக் கீழே கைமுட்டியை முண்டு கொடுத்து, நிமிர்ந்து இருந்துதான் வருவார். எங்கள் கலியாணப் படத்திலும் அப்படித்தான் இருக்கிறார். படம் பிடித்தவர் கையை எடுக்கச் சொல்லிக் களைத்துப்போனார்.

4

ஸ்காபரோவில் எங்கள் ஹலோவீன் தெருவில் நடப்பதில்லை, மாடிகளில் நடக்கும். தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு மேல் மாடிக்குப் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டித் தட்டிக் கீழே இறங்குவோம். எந்த மாடியில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று மணத்திலேயே தெரியும். ஒரு தமிழ் மாமா இனிப்புக்குப் பதிலாக மாரி பிஸ்கற் தருவார், அதையும் எண்ணித்தான் தருவார். கதவுக்குக் கதவு 'யாரம்மா நீ?' என்று பயந்த மாதிரி நடிப்பார்கள். எனக்கு அந்த நடிப்புத்தான் பிடிக்கும். பெரிய ஆட்கள் என்னைப் பார்த்துப் பயப்படும் நாள் அது ஒன்றுதான்.

இதைத்தான் ஆரணிக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவள் என்னோடு தமிழும் ஆங்கிலமும், தகப்பனோடு தமிழ், கனவில் சுவிஸ் ஜெர்மன். என்னுடைய சின்ன வயதில் ஒரு துண்டாவது அவளுக்குள் போகட்டும் என்று நினைத்தேன். சுவிஸில் முன்பின் தெரியாத கதவுகளில் பிள்ளைகளைத் தட்டவிட முடியாது. அதனால் போன வருடம் எங்கள் மாடிவீட்டு உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு தாள் ஒட்டினேன். ஒக்டோபர் கடைசி நாள் பின்னேரம் சில பிள்ளைகள் வருவார்கள், விருப்பமில்லாதவர்கள் சொல்லலாம் என்று. ஒருவரும் மறுக்கவில்லை. மேல்வீட்டுக் கிழவர் மட்டும் எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

லின்டா ஒரு யோசனை சொன்னாள். கனடாவில் அறுவடை முடிந்த காலத்தில் வாசல்களில் வைக்கோல் பொம்மை வைப்பார்களே, அந்த வேஷம் போடலாம் என்று. நம்முடைய ஊர்த் தோட்டங்களில் நிற்கும் அதே வெருளிதான். ஆரணிக்குப் பிடித்துப்போயிற்று. பண்ணையில் உருளைக்கிழங்கு வாங்கிய சணல் சாக்கு ஒன்று இருந்தது. அதைத் தலைவழியே கவிழ்த்து, கழுத்தில் கயிறு கட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். கண்ணாடியில் பார்த்துக் குதித்தாள். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பது வயதில் நாட்டை விட்டவளுக்கு என்ன தோன்றும்?

இவர் காலை வேலை முடிந்து வீட்டில் இருந்தார். அப்பாவை ஏமாற்றவேண்டும் என்று ஆரணி ஒரு திட்டம் போட்டாள்.

"நான் வாய் திறக்கமாட்டன். அப்பா குரலைப் பிடிச்சிடுவார். அவர் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவன்."

இலங்கையில் இருந்து வந்த வாசகர்களுக்கு இப்போதே நெஞ்சு அடைத்திருக்கும். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இராணுவத்தினர் ஊரைச் சுற்றிவளைத்து, சனத்தை வெளியே எடுத்து, வரிசையாக நடக்கவிடுவார்கள். ஓரிடத்தில் ஓர் ஆளை இருத்தியிருப்பார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. யாரையாவது பார்த்து அந்தச் சாக்கு தலையை ஆட்டினால், அந்த ஆளைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். பலர் திரும்பி வந்ததில்லை. தலையாட்டி என்பார்கள். எந்த ஆமி என்று நான் எழுதப்போவதில்லை.

பிள்ளைகள் முன்னால் ஏற, நானும் லின்டாவும் படிக்கட்டில் ஒரு தட்டுக் கீழே நின்றோம். மணி அடித்தது. கதவு திறந்தது. இவருடைய குரல் கேட்டது.

"ஆர்?"

பதில் இல்லை. மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. மறுபடி, வேறொரு குரலில், "ஆர் அது?" என்றார். பத்து வருடத்தில் நான் கேட்டிராத குரல். நான் எட்டிப் பார்த்தேன். என் மகள் தகப்பனை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டுக்குள் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது.

5

முதலில் எல்லாரும் சிரித்தோம். அவரும் நடிக்கிறார் என்று. பிறகு தட்டினேன். கூப்பிட்டேன். உள்ளே திறப்பு செருகியிருந்தால் இந்தப் பூட்டுகளை வெளியிலிருந்து திறக்க முடியாது. கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். அது உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது. கீழே இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தால், பல்கனிக் கதவு திறந்து கிடந்தது. எங்கள் பல்கனி அவ்வளவு உயரமில்லை. கீழே செடிகள் முறிந்திருந்தன. பல்கனிக் கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தேன். சப்பாத்தும் மேல்கோட்டும் உள்ளே வழமையான இடத்தில் இருந்தன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க விடாமல் கால் ஓடியது. பனிமூட்டம். தண்டவாளத்து வேலியோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். ரயில் ஒன்று வரும் சத்தம் கேட்டால் நின்று காதைப் பொத்திக்கொள்வேன். போனபிறகு மறுபடி ஓடுவேன். பொலிசுக்கு எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. சீருடை போட்ட இரண்டு பேர் டோர்ச் வெளிச்சத்தோடு இவரைத் தேடிப்போனால் என்ன நடக்கும் என்று நினைத்ததும் தொலைபேசியைப் பைக்குள் போட்டேன்.

லின்டா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளைத் தன் வான் வண்டியில் ஏற்றி இனிப்பைக் கொடுத்து இருத்திவிட்டாள். ஆரணி ஏறவில்லை. சாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அப்பாவுக்கு என்னோட கோவமோ?"

"இல்லைக் குஞ்சு."

"அப்ப ஏன் ஓடினவர்?" பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பா பங்கருக்குள்ள இருப்பார். சைரன் அடிச்சுப் பாக்கிற நாளிலையும் அங்கதான் போய் இருக்கிறவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

சுவிஸ் மாடிவீடுகளின் அடியில் பதுங்குகுழி இருக்கும். சண்டையே வராத நாட்டில், சண்டை வந்தால் என்று கட்டி வைத்தது. கையகலத் தடிப்பில் கொங்கிறீட் கதவு. இப்போது எல்லாரும் அதற்குள் பனிச்சறுக்குச் சாமான்களும் அரிசி மூட்டையும் வைக்கிறோம். வருடத்தில் ஒருநாள் ஊரெல்லாம் சைரன் சோதிப்பார்கள். நான் அந்த நேரம் வேலையில் இருப்பேன். என் பிள்ளை எத்தனை வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்திருந்தாளோ!

இவர் அங்கேதான் இருந்தார். வெறுங்காலோடு, எங்கள் கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு கொடுத்து, நாடிக்குக் கீழே முட்டியை வைத்துக்கொண்டு. பக்கத்தில் போய் இருந்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது.

"வாணி, நான் ஆட்டேல்லை."

"என்னத்தை?"

"தலையை. நான் ஒருத்தருக்கும் ஆட்டேல்லை."

எனக்கு அப்போதுதான் சாக்கு விளங்கியது. விளங்கியது என்று நினைத்தேன்.

"நீங்கள் வரிசையில நிண்டனீங்களோ?"

தலையை ஆட்டாமல், வாயால் சொன்னார். "இல்லை. சாக்குக்குள்ள இருந்தனான்."

6

அன்றைக்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி ஒன்று மட்டும் என்னோடு எழும்பியது, என்னோடு படுத்தது. தலையாட்டாத ஒருவரை அவர்கள் ஏன் விட்டார்கள்?

சாக்கைக் குப்பைப் பையின் அடியில் போட்டுக் கட்டினேன். பை எடுக்கிற வண்டி வரும்வரை யன்னலில் நின்று பார்த்தேன். யாரும் திறந்து பார்த்துவிடுவார்களோ என்று பயம். ஒரு சணல் சாக்கை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்!

கோயில் திருவிழாவுக்குப் போனால் முன்பெல்லாம் யார் என்ன சீலை என்று பார்ப்பேன். இப்போது ஐம்பதைத் தொட்ட ஆண்களின் முகத்தைப் பார்க்கிறேன். இந்த மனுஷன் அந்த வரிசையில் நடந்திருப்பாரோ? இந்த அம்மாவின் மகன் நடந்திருப்பானோ? ஒரு கலியாண வீட்டில் ஒருவர் இவரிடம் வந்து, "தம்பியை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு" என்றார். நம்மவர்கள் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வது. ஸ்காபரோவில் என்னிடமே ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். என் கையில் இருந்த பாயசக் கோப்பை கவிழ்ந்து சீலையெல்லாம் ஊற்றுண்டது. சாக்குக்குள் இருந்த முகத்தை யாரும் கண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன?

இதைவிட மோசமான பயம் ஒன்று இருந்தது. அதை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். இரவு பக்கத்தில் படுத்திருக்கும் இந்த நல்ல மனுஷனைப் பார்த்து, 'நீ ஆட்டினாயோ?' என்று மனம் கேட்டது. ஆட்டியிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆரணி தகப்பனின் அறைக்குள் போகுமுன் வெளியே நின்று, "அப்பா, நான்தான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் இவர் முகம் சுருங்கும்.

7

இந்த வருட நன்றி நாள் போன சனிக்கு முந்திய சனி. சோலோதுர்னுக்கு வயல்களுக்கு நடுவே போகும் சின்ன ரயிலில் போனோம். என் மடியில் பூசணிப் பணியாரம், கனடாவில் 'பம்ப்கின் பை' என்பது. நான் சுட்டது. ஆரணி இரண்டு இருக்கை தள்ளி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அதிகாலை எழும்பி அடுப்போடு நின்ற களைப்பில் எனக்குக் கண் சொருகியது. தோளில் தட்டு விழுந்தது.

"வாணி, தலையை நிமித்தும்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "பத்து வருசமா என்னை நித்திரை கொள்ள விடுறியளில்லை! நான் தூங்கி விழுந்தால் உங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் ஆரணி இருந்த பக்கம் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்ப பதினேழு. பிடிச்சு, நாள்கணக்கா நித்திரை கொள்ள விடேல்லை. கண் மூடினால் தண்ணி ஊத்துவாங்கள். பிறகு கண்ணைக் கட்டி ஏத்திக்கொண்டு போய், ஒரு கதிரையில இருத்தி, சாக்கைப் போட்டாங்கள். எந்த ஊரெண்டும் தெரியாது. சனம் ஒவ்வொருத்தரா முன்னால வந்து நிண்டுபோட்டுப் போச்சு. பல்லைக் கடிச்சுக்கொண்டு நேர இருந்தனான். ஒருத்தருக்கும் ஆட்டேல்லை. வெய்யில். சாக்குக்குள்ள ஒரே புழுக்கம். சனம் முடியிற மாதிரித் தெரியேல்லை." மறுபடி ஆரணியின் பக்கம் பார்த்தார். "பிறகு தூங்கிப்போனன், வாணி."

நான் அவருடைய பக்கம் திரும்பி இருந்தேன்.

"தலை விழுந்தது. ஒரு பொம்பிளை குழறி அழுத சத்தத்திலதான் முழிச்சனான். அதுக்குள்ள ஏத்திப்போட்டாங்கள்."

"ஆரை?"

"தெரியாது. நான் காணேல்லையே. எனக்கு முன்னால ஆர் நிண்டதெண்டு எனக்குத் தெரியாது. ஆம்பிளையோ பொம்பிளையோ, எத்தினை வயசோ, ஒண்டும் தெரியாது. அண்டைக்குப் பின்னேரம் என்னை விட்டுட்டாங்கள். நான் உதவி செய்துபோட்டனாம்."

பூசணிப் பணியாரத்தின் ஓரம் என் விரலுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் பயந்த பதில் இதில்லை. நான் பயந்ததைவிடக் கொடுமை. ஆட்டினேன் என்றால் வெறுக்கலாம், ஆட்டவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். இதற்கு என்ன செய்வது? அவருடைய கையைப் பிடித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

லின்டா வீட்டில் வழக்கம்போல அரை வான்கோழி. வழக்கம்போல மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்லவேண்டும். கியூபெக்காரர் தன் முதுகுவலி போனதற்கு நன்றி சொன்னார். லின்டா வாளுக்கு நன்றி சொன்னாள். இவர் ஒவ்வொரு வருடமும் "சாப்பாட்டுக்கு" என்று ஒரு சொல்லோடு முடிப்பவர். இந்த முறை எழும்பி நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தட்டித் தடவிச் சொன்னார். ஹலோவீனுக்கு எல்லாப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். மணி அடிக்கத் தேவையில்லை, தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் இருப்பார். ஒரேயொரு நிபந்தனை. முகமூடியைத் தூக்கி முகத்தைக் காட்டினால்தான் இனிப்பு.

போன வருடத்தை ஒருவரும் மறக்கவில்லை. லின்டா என்னைப் பார்த்தாள்.

"முகம் காட்டுவது தமிழ் வழக்கமா?"

"ஓம்" என்றேன் தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"நல்ல வழக்கம்" என்றாள் அவள். வன்கூவர்க்காரி உடனே, இனி எல்லார் வீட்டிலும் அப்படியே வைப்போம் என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆரணி தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். இப்படித்தான் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாகிறது, வான்கோழியை அறுத்த மாதிரி. ஏனென்று இன்னும் கொஞ்சக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது ரயிலில் எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. யன்னலோரம் இவர், பக்கத்தில் நான், இவருக்கு நேர் எதிரே ஆரணி. வெளியே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. இவர் முட்டியை நாடிக்குக் கொடுத்து நிமிர்ந்து இருந்தார். ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன் கழிந்தபிறகு, அந்தக் கை மெல்ல நழுவி மடியில் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

இவர் இருந்தபடி தூங்குவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறேன். எழுப்பவேண்டும். எழுப்பச் சொல்லித்தான் இவர் கேட்பார். எழுப்ப மனம் வரவில்லை. எத்தனை வருட நித்திரை! ரயில் ஒரு வளைவில் குலுங்கியது. தலை முன்னால் விழுந்தது, எழும்பியது, மறுபடி விழுந்தது.

ஆரணி காதில் இருந்ததைக் கழற்றினாள். அவளுக்குச் சிரிப்பு.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! அப்பா என்னைப் பாத்து ஓம் ஓம் எண்டு தலையாட்டுறார்."

நான் எழும்பினேன். அவளுடைய கையைப் பிடித்துத் தூக்கி, என் இடத்தில், தகப்பனுக்குப் பக்கத்தில் இருத்தினேன்.

"ஏனம்மா?"

"சும்மா. உங்கை இரு."

அவள் இருந்த இடத்தில், இவருக்கு நேர் எதிரே, நான் போய் இருந்தேன். லாங்கன்தால் வரும்வரை அந்தத் தலை என்னைப் பார்த்து விழுந்து விழுந்து எழும்பியது. நான் எழுப்பவுமில்லை, இடத்தைவிட்டு அசையவுமில்லை.